அவர் கையில் ஒரு மாத்திரை

போன ஆடித்தபசுத் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, என் கணவர் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். சின்ன வயதிலிருந்து தன்னைப் பிடித்திருந்த வலிப்பு நோய் உபவாச ஜெபத்தில் போய்விட்டது, மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன், இனி விசுவாசத்தினால் பிழைப்பேன் என்றார். சபையே கைதட்டி அல்லேலூயா சொன்னது. மாத்திரையைக் கொட்டிய விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும்.

என் கணவர் பெயர் தேவராஜ். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். ஓடுகிற தறிமேல் ஒரு மனுஷன் நினைவில்லாமல் விழுந்தால் என்ன ஆகும் என்று தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கெஞ்சினேன். சண்டை போட்டேன். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டும் பார்த்தேன். அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒருநாள் மட்டும் பதில் சொன்னார்.

"சபைக்கு முன்னால சாட்சி சொல்லிட்டேன்லா. இனி மாத்திரையத் தொட்டா ஆண்டவரப் பொய்யராக்குன மாதிரி ஆயிரும்ட்டி."

யாரிடம் போய்ச் சொல்வது? சபையில் ஒரு அக்காவிடம் சொன்னேன். என் சந்தேகத்தால்தான் அவருக்கு நோய் திரும்ப வரப் போகிறது என்றார். அதைக் கேட்டு நான் அழுத அழுகை கர்த்தருக்குத்தான் தெரியும். அதற்குப்பின் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போயிருக்கும். எனக்கோ ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வரும்.

அடுப்படியில் நின்றுகொண்டே ஜெபித்தேன். ஆண்டவரே, அவர் சுகத்தை நம்புகிறார், நான் மாத்திரையை நம்புகிறேன். எங்களில் யார் அவிசுவாசி என்று பிறகு சொல்லும். முதலில் அவர் கையில் ஒரு மாத்திரையை வைத்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு காலையில் அவர் வலிப்பு வந்து தறிமேல் விழுந்தார். பக்கத்துத் தறி மாடசாமி அண்ணன் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தியதால் உயிர் தப்பினார். முழங்கை கிழிந்து தையல் போட்டார்கள். டாக்டர் கண்டபடி திட்டிவிட்டு அதே மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார். அப்போதும் அவர் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு விசுவாசம் பத்தலட்டி," என்று அழுதார். எனக்குக் கர்த்தர்மேலேயே கோபம் வந்தது. இனி என்னத்தைக் கேட்பது என்று ஜெபிப்பதையும் விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் போதகர் ஐயா வந்தார். பிரசங்கம் பண்ண வந்துவிட்டார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலி போட்டேன். அவர் தண்ணீர் கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

"சுகர் மாத்திரை, தம்பி. பல வருஷமா போடுதேன். சபையில சொல்லக் கூச்சம். நான் வாய மூடிக்கிட்டு இருந்ததாலதான் நீங்க இப்படிக் கெடக்கீங்க."

பிறகு இவருடைய மாத்திரை எங்கே என்று என்னிடம் கேட்டார். கொடுத்தேன். அதைத் தன் கையாலேயே இவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"வாங்க, ஜெபம் பண்ணிட்டு ரெண்டு பேரும் முழுங்குவோம்."

இருவரும் கண்ணை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. நான் அடுப்படியில் கேட்டது அப்படியே என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு ஜெபத்தை விட்டவளுக்கும் கர்த்தர் செய்தார்.

வலிப்பு போய்விட்டது என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. தறிச் சத்தம் நின்றால் இன்றைக்கும் வாசலுக்கு ஓடுகிறேன். ஆனாலும் தினமும் காலையில் அவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்கிறார். நான் ஆமென் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறேன். விசுவாசத்தினால் பிழைப்பது என்றால் எங்கள் வீட்டில் இவ்வளவுதான். பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்கிறவர்களே, காத்திருக்காதீர்கள். பயந்துகொண்டே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.