அக்காவின் வளவில் ஒரு கோட்டை

வெள்ளை ஜீப் மூன்றாம் நாளும் அக்கா வீட்டு வேலியோரம் வந்து நின்றது. முதல் இரண்டு நாளும் அதிலிருந்து யாரும் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, முல்லைத்தீவுக் கடலையும் அக்காவின் வீட்டு வளவையும் பார்த்துவிட்டுப் போனார்கள். காணி வாங்க வருகிறவன் விலை கேட்பான். இவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்களைக் கூட்டி வந்தது நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. யுத்தம் முடிந்து ஊரில் மீள்குடியேறிய கையோடு அக்கா மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது பழங்காலத்துச் செங்கற்கள் வந்தன, சுண்ணாம்புச் சாந்து ஒட்டியபடி. அக்காவுக்கு அவை சமைக்கிற குசினிக்குப் படி கட்ட உதவும் கல். வரலாறு படிப்பிக்கிற எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாடசாலை மலருக்கு ஐந்து பக்கம் எழுதித் தள்ளினேன். ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டியது, ஆங்கிலேயர் அதைப் பிடித்தது, பாய்க்கப்பல்கள் வந்துபோன துறைமுகப் பட்டினமாக எங்கள் ஊர் இருந்தது, எல்லாம் எழுதினேன். கோட்டைச் சுவர் அக்காவின் வளவை வளைத்துக்கொண்டு போகிறது என்று ஒரு படமும் கீறிப் போட்டேன். அதிபர் மேடையில் வைத்துப் பாராட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் விளக்கம் சொன்ன என் அதே வாய், அன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

மூன்றாம் நாள் தொல்பொருள் திணைக்கள அதிகாரிகள் இரண்டு பேர் இறங்கினார்கள். கொழும்பிலிருந்து வந்த மூத்தவர் நிதானமாகத் தமிழ் பேசினார். கோப்பைத் திறந்து என் கட்டுரையின் பிரதியை எடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க, டீச்சர்."

கிண்டல் இல்லை, மனதாரத்தான் பாராட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அது பிள்ளையளுக்கு எழுதின கட்டுக்கதை, ஐயா," என்றேன். என் வாழ்நாளில் வரலாற்றுக்கு நான் செய்த ஒரே துரோகம் அது. அவர் அந்தச் செங்கற்கள் பதித்த குசினிப் படியைப் பார்த்துச் சிரித்தார்.

மற்றவர் என் படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே நாடா பிடித்து அளந்தார். நான் கீறிய கோடு ஒரு அடிகூடப் பிசகவில்லை. அது போன வழியெல்லாம் சிவப்பு வர்ணம் பூசிய கட்டைகளை அடித்தார்கள். கடைசிக் கட்டை கிணற்றுக்கு அப்பால் இறங்கியது. வீடு முழுவதும் உள்ளே அகப்பட்டுவிட்டது.

"இது இனிப் பாதுகாக்கிற இடம். ஆட்கள் இருக்க ஏலாது," என்றார் மூத்தவர்.

"நாங்கள் பரம்பரையா இருக்கிற காணி இது," என்றார் அக்கா.

"காணி உறுதிப் பத்திரம் இருக்கா, அம்மா?"

உறுதியைச் சுனாமி கொண்டுபோனது. எடுத்து வைத்த பிரதியைக் கடைசி யுத்தத்தில் உடையார்கட்டில் ஒரு பங்கர்க் குழிக்குள் விட்டுவிட்டு ஓடினோம். அக்கா இரண்டையும் சொன்னார். மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதிலயும் உங்கட குடும்பம் இருந்ததெண்டு ஒரு வரி இல்லையே, டீச்சர்."

இல்லைத்தான். தளபதிகள், பீரங்கிகள், கப்பல்கள் எல்லாம் இருந்தன. அந்தக் கரையில் வலை இழுத்த எங்கள் சனம் ஒருவர்கூட இல்லை.

இரண்டு கிழமைக்குள், பதினான்கு நாளில், எழுத்தில் ஆட்சேபம் தரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கொப்பியையும் பேனையையும் என் முன்னால் வைத்தார்.

"வெள்ளைக்காரன் இருந்ததை எழுதினாய், நம்பினவங்கள்தானே. நான் இருக்கிறதையும் ஒருக்கா எழுது."

இந்த வளவில்தான் என் அக்கா பிறந்தார் என்று எழுதினேன். ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு, அக்காவைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.