முகாம் இல்லாத ஆட்டம்

அப்பாவும் அண்ணனும் ரயில்வேக்காரர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு உலகமே தண்டவாளத்தின் ஓரமாகத்தான் இருந்தது. பதினைந்து வயதில் நானாக ஓர் ஆட்டம் உண்டாக்கியபோது அதிலும் ரயில்தான் ஓடியது.

உண்டாக்கியது அண்ணிக்காக. அண்ணன் கப்பலேறி எங்கள் பூர்வீக ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, லீவு தீர்ந்ததும் தனியாகத் திரும்பிவிட்டார். அண்ணி பிறகு கப்பலில் வந்தார். வந்து மூன்று மாதமாகியும் வாயைத் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் "ம்". அண்ணனுக்கு ரோஷம். "பிடிக்கலன்னா அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுடறேன்" என்று என்னிடம் சொன்னார். அம்மா இல்லாத வீடு அது. அண்ணி படியேறி வந்த அன்று எனக்கிருந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். அவரை அனுப்பிவிட்டால் மறுபடியும் இரண்டு ஆம்பிளைகளின் காக்கிச் சட்டைகளோடு நான் ஒருத்தி. விடுவேனா?

சட்டைப் பெட்டியின் மூடி ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். துறைமுகத்தில் புறப்பட்டு கிள்ளான், பாடாங் ஜாவா, பத்து தீகா, பெட்டாலிங் வழியாக பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீடு வரை. சோழி போட்டு நகர வேண்டும். பத்து தீகாவில் மாடு மறித்தால் இரண்டு கட்டம் பின்னால். கிள்ளானில் அன்னாசி வாங்க இறங்கினால் ஒரு முறை சும்மா இருக்க வேண்டும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதுல முகாம் எங்க?" என்றார்.

"எந்த முகாம் அண்ணி?"

"கப்பல்ல வந்தவங்கள நோய்க்குப் பயந்து அடைச்சு வைப்பாங்களே, அது."

இங்கேயே பிறந்தவளுக்குப் பயணம் என்றால் ஸ்டேஷனில் தொடங்குவது. அண்ணி அந்த முகாமில் கிடந்துதான் வந்திருப்பார் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

அன்றுதான் பேசினார். துணிமணியெல்லாம் மருந்துத் தண்ணீரில் முக்கியதில் கூறைப்புடவை சாயம் போனது. ஏழாம் நாள் கதவு திறந்ததும் எல்லோரையும் அழைத்துப்போக ஆள் வந்தது. "உங்கண்ணன் மட்டும் வரல. ரெண்டு நாள் டிரங்குப் பெட்டி மேலயே உக்காந்திருந்தேன்."

அந்த இரண்டு நாளும் டியூட்டிக்கு மாற்று ஆள் கிடைக்காமல் அண்ணன் தவித்தது எனக்குத் தெரியும். அதை அவர் அண்ணியிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அண்ணி பென்சிலை வாங்கித் துறைமுகத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி வரைந்தார். "சோழியில ஒண்ணு விழுந்தா இங்க. இன்னொருத்தர் வந்து கூட்டிட்டுப் போனாத்தான் வெளிய வரலாம்."

"ஜெயிக்கப் போறவங்க எதுக்குத் திரும்பி வருவாங்க?"

"வரணும். அதான் சட்டம்."

ஆடினோம். அண்ணிக்குக் காய் ஒரு புளியங்கொட்டை, எனக்கு ஒரு சட்டைப் பொத்தான். அண்ணியின் புளியங்கொட்டை முதல் வீச்சிலேயே முகாமுக்குப் போனது. எனக்குச் சோழி நன்றாக விழ, என் பொத்தான் பெட்டாலிங்கைத் தாண்டியது. சட்டத்தை மறந்து வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன்.

டியூட்டி முடிந்து வந்த அண்ணன் எவ்வளவு நேரமாக வாசலில் நின்றாரோ, தெரியாது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். என் பொத்தானை எடுத்தார். சோழியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பின்னால் நகர்த்தி, முகாம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இது அழுகுணி ஆட்டம்" என்றார் அண்ணி.

சொல்லிவிட்டுப் புளியங்கொட்டையை எடுத்து அந்தப் பொத்தானின் பக்கத்தில் வைத்தார்.