பக்கிரி வீட்டுக் காகிதப்பூ

ராஜாங்கத்துக்கும் பக்கிரிக்கும் ஒரே வயது, முதலியார்பேட்டையில் எதிரெதிர் வீடு. மீசை அரும்பின வயதில் சேர்ந்தே மில் வேலைக்குப் போனவர்கள். பக்கிரி மேஸ்திரியானான், ராஜாங்கம் ஆகவில்லை. அதை ராஜாங்கம் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் பக்கிரி ஒரு புது சைக்கிள் வாங்கினாலும் அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது. பக்கிரியின் மகளுக்கு நல்ல இடம் அமைந்தபோது பந்தலில் ஓடியாடி வேலை செய்தான். வீட்டுக்கு வந்ததும் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிட்டான். அது என்ன வலி என்று அவன் மனைவி கமலவேணிக்கு மட்டும் தெரியும். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

மில்லில் ஆள் குறைத்தபோது இரண்டு பேருமே வெளியே வந்தார்கள். ராஜாங்கத்துக்குத் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்கிரி காலாப்பட்டுப் பக்கம் ஒரு செடி நர்சரியில் சேர்ந்தான். மேஸ்திரியாக இருந்தவன் மண் சுமக்கப் போகிறானே என்று ராஜாங்கம் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் வருத்தப்பட்டான். உண்மையில் அவன் வாழ்க்கையில் நிம்மதியாகத் தூங்கிய காலம் அதுதான்.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது காகிதப்பூச் செடி. 2003 மழைக்காலம் முடிந்ததும் பக்கிரி நர்சரியிலிருந்து இரண்டு கன்று கொண்டுவந்தான். ஒன்றைத் தன் வீட்டுச் சுவரோரம் வைத்தான், இன்னொன்றைத் தன் கையாலேயே ராஜாங்கம் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நட்டுக் கொடுத்தான். அடுத்த வருஷம் பக்கிரி வீட்டுச் சுவர் தெரியவில்லை, அத்தனை பூ. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் போன வெள்ளைக்காரி ஒருத்தி இறங்கி போட்டோ எடுத்தாள். ராஜாங்கத்தின் செடியோ முள்ளும் இலையுமாகக் கரண்ட் கம்பி வரைக்கும் ஏறி நின்றது. பேருக்குக்கூட ஒரு பூ இல்லை.

அவன் விடவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான், சாணி போட்டான், கமலவேணி மீன் அலசின தண்ணீரைக்கூடக் கீழே கொட்டவிடாமல் வாங்கி ஊற்றினான். செடி இன்னும் கொழுத்தது. பக்கிரியோ பூ உதிர்ந்ததும் கத்திரியை எடுத்துத் தன் செடியை மொட்டைக் குச்சியாக வெட்டிப்போட்டான். ஒழிந்தது என்று ராஜாங்கம் சந்தோஷப்பட்டான். சில வாரத்தில் வெட்டின இடத்திலெல்லாம் துளிர்த்து, முன்னைவிடச் சிவப்பாகப் பூத்தது.

"தண்ணிய நிறுத்துடா, கொஞ்சம் வாடட்டும்," என்றான் பக்கிரி ஒருநாள். "நீட்டமா ஓடுறத வெட்டிப்போடு. புதுக் கிளையிலதான் பூ வரும்."

ராஜாங்கம் தலையை ஆட்டினான். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு குடம் அதிகமாகவே ஊற்றினான். பூக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கிரி சொல்லி ஒன்றைச் செய்வதா?

அப்புறம் பக்கிரிக்கு நெஞ்சுவலி வந்தது. சென்னையில் இருக்கிற மகன் இளஞ்செழியன் வந்து ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பக்கிரியின் மனைவி அஞ்சலாட்சியும் கூடப் போனாள். கிளம்பும்போது பக்கிரி வீட்டுச் சாவியையும் கத்திரியையும் ராஜாங்கத்தின் கையில் கொடுத்தான்.

"பூ உதிர்ந்ததும் கிளையெல்லாம் வெட்டிக் கவாத்து பண்ணிடு. தண்ணி மட்டும் அதிகமா காட்டாத."

கார் போன பிறகு ராஜாங்கம் நிஜமாகவே அழுதான். பக்கிரி இல்லாத தெருவை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பக்கிரியின் செடியைப் பார்த்ததும் மனசு வேறு மாதிரி போயிற்று. குடத்தை எடுத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு தப்பா? யாராவது குறை சொல்ல முடியுமா? தினமும் ஊற்றினான். கத்திரியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. அடுத்தவன் செடிக்கு இப்படி உழைக்கிறானே என்று தெருவே பாராட்டியது. போனில் அஞ்சலாட்சியும், "ஒங்கள மாதிரி யாருண்ணா இருப்பாங்க," என்று தழுதழுத்தாள். அதைக் கேட்டபோது மட்டும் அவனுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

கத்திரியை வேறு இடத்தில் உபயோகித்தான். பக்கிரி ஊரில் இல்லாத தைரியத்தில், அவன் சொன்னபடியே தன் செடியைக் கழுத்தளவுக்கு வெட்டினான். குழாயில் வருகிற தண்ணீரெல்லாம் எதிர்வீட்டுக்கே போனதால் இவன் செடி காய்ந்து கிடந்தது. சித்திரை வெயிலில் ஒருநாள் கமலவேணி கூப்பிட்டுக் காட்டினாள். கிளைக்குக் கிளை மொட்டு.

பக்கிரி திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கித் தன் சுவரைப் பார்த்தான். பச்சைப் புதர். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினான்.

"உன்னுது பூத்திருக்கேடா," என்றான்.

அப்போது அவன் முகத்தில் வந்த பார்வையை ராஜாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷமாகத் தன் முகத்தில் இருந்த பார்வை அது. வெல்லம் தின்றதுபோல இருந்தது. ஆனால் பக்கிரி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் அந்த இனிப்பு அப்படியே கரைந்துபோயிற்று.

"கவாத்து பண்ணலியா?"

"தண்ணி ஊத்தினேன்."

"தினமுமா?"

"தினமும்."

பக்கிரி தன் புதரையும் எதிர்வீட்டுப் பூவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கத்திரியைக் கேட்டு வாங்கினான். தோளுக்கு மேலே கை ஏறவில்லை. கத்திரியைத் திருப்பி நீட்டினான்.

"நீயே வெட்டு. நான் சொல்றேன்."

மறுநாள் காலையில் பக்கிரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ராஜாங்கம் ஸ்டூல்மேல் ஏறி வெட்டினான். இன்னும் இறக்கி வெட்டு, அந்தக் குறுக்குக் கிளையை எடு, அடிவரைக்கும் எடு என்று பக்கிரி ஓயாமல் ஏவினான். முழங்கை வரைக்கும் முள் கிழித்தது. நோயில் கிடந்து எழுந்தவன்கூட நாற்காலியில் உட்கார்ந்தால் மேஸ்திரியாகிவிடுகிறான், நான் ஸ்டூல்மேல் நிற்கிறேன் என்று ராஜாங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இறங்கவில்லை. சொன்னதையெல்லாம் சொன்னபடி வெட்டினான்.

மறுபடியும் பக்கிரி வீட்டுச் சுவர் பூவாக மூடியது. தெருக்கோடி வீட்டுச் சின்னப்பொண்ணு பக்கிரியிடம் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் செடியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று மெச்சினாள். வாசலில் நின்ற ராஜாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தெருவைக் கடந்து வந்தான்.

"வெட்டினது நான்," என்றான்.

"ஆமா, அவன்தான் வெட்டினான்," என்றான் பக்கிரி. "நான் இல்லாதப்ப தினமும் தண்ணி ஊத்தினதும் அவன்தான்."

சின்னப்பொண்ணு ராஜாங்கத்தையும் ஒரு பாடு புகழ்ந்துவிட்டுப் போனாள். ராஜாங்கம் தரையைப் பார்த்தபடி நின்றான். பக்கிரி நாற்காலியில் சாய்ந்து, அடுத்த கவாத்துக்கும் அவனே வர வேண்டும் என்றான். ராஜாங்கம் வருவதாகச் சொன்னான்.