சிவப்புக் காரில் ஒரு படம்

டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் நான் இருந்த கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு ஞாயிறு காலை, என் பழைய சிவப்புக் காரில் சாய்ந்தபடி ஓர் இளம்பெண் நின்றாள். அவளுடைய தோழி படம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் சட்டென்று விலகினார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வீட்டுக்கு அனுப்ப ஒரு படம்," என்று சாய்ந்து நின்றவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

சாவியைக் கொடுத்து, உள்ளே இருந்தும் ஒன்று எடுக்கச் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெரிய முதலாளி மாதிரிச் சிரித்தாள்.

இருவரும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் வேலைசெய்த தாதிகள். கதையைக் கேட்ட என் அறைத்தோழன், "எங்கடை ஆக்கள் மட்டும் திறமோ? நானும் இரவல் ஓவர்கோட்டோடைதான் ஊருக்குப் படம் அனுப்பினனான்," என்றான்.

சில மாதம் கழித்து, காரில் படம் எடுத்தவளை லிஃப்டில் சந்தித்தேன்.

"அந்தப் படத்தைப் பாத்திட்டு எங்கடை தெருப் பெட்டையள் எல்லாரும் இப்ப தாதிக்குப் படிக்கப் போகினமாம். என்ரை தங்கச்சியும்தான்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பனிக்குள்ளை பஸ்ஸுக்கு நிண்டு கால் விறைக்கிறதை நான் எழுதேல்லை," என்றாள்.

கோடையில் அவளுடைய அம்மா வருவதாகத் தகவல் வந்தது. அவள் என் கதவைத் தட்டினாள்.

"காரும் வேணும், ஓட்ட ஆளும் வேணும்."

விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது, பின்னால் இருந்த அம்மா தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். 'டிரைவர்' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை; கார் தன்னுடையதில்லை என்பது முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்:

"சைக்கிளிலை ஏற அழுத பிள்ளை கார் ஓட்டுறாளெண்டு அம்மா நம்பவே இல்லையாம். எண்டாலும் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினவவாம்."

அந்தக் கோடையிலேயே அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வளவில் சுற்றிச் சுற்றி ஓட்டுவாள். அம்மா பின்னால் செபமாலையோடு இருப்பார். முதல் பரீட்சையில் தவறினாள். அடுத்ததில் தேறிய கையோடு, தவணைமுறையில் சொந்தமாக ஒரு கார் வாங்கினாள்.

படிப்பை முடித்துத் தங்கை வந்தபோது, அக்காவே தன் காரில் விமான நிலையம் போய் அழைத்துவந்தாள். வந்தவள் என்னிடம் முதலில் கேட்டது, நல்ல பனிச் சப்பாத்து எங்கே வாங்கலாம் என்றுதான். அம்மா ஊருக்குத் திரும்பிப்போய், குளிரையும் பஸ்ஸுக்கு நிற்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாராம். அப்படியும் வந்திருந்தாள்.