பத்துக்கு எத்தனை தைரியம்?

சாகச முகாமில் வேலை பார்க்க, கயிற்றை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் வந்தேன். தாம்பரத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். இப்போது வண்டலூருக்கு அப்பால் ஒரு தோப்பில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கயிற்றிலும் மேடையிலும் ஏற்றி இறக்குகிறேன். அந்த வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விழிக்கும் உங்களுக்கு என் குழப்பம் புரியும்.

ஒன்பதும் ஐந்தும்

வரும்போதும் போகும்போதும் பிள்ளைகள் ஒரு தாளில் தங்கள் தைரியத்துக்குத் தாங்களே பத்துக்கு மார்க் போடவேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடமும் அனுப்புவதா என்று பள்ளிக்கூடம் முடிவெடுக்கும். முடிச்சூர்ப் பெண் யாழினி வந்தபோது ஒன்பது போட்டாள். மூன்று நாளும் எதிலும் முதலில் ஏறியது அவள்தான். போகும்போது ஐந்து. எனக்குத் திக்கென்றது. தனியே கூப்பிட்டு, "யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?" என்றேன்.

"இல்ல மிஸ். அப்போ நான் உயரமா எதுலயுமே ஏறினதில்ல, அதான் ஒன்பது போட்டேன்."

படியில் இறங்கியவன்

அதே வகுப்பில் பிரணவ். கம்பியில் சறுக்கிப் போகும் மேடைவரை ஏறினான், பெல்ட் மாட்டினான், அப்படியே நின்றுவிட்டான். கீழே மொத்த வகுப்பும் "போடா மச்சான்" என்று கத்தியது. நானும் கெஞ்சினேன். "வேணாம் மிஸ்" என்றான். இரண்டு முறை கேட்டும் அதே பதில். பெல்ட்டைக் கழற்றிப் படிவழியாக இறக்கிவிட்டேன்.

பையன் உடைந்துபோயிருப்பான் என்று சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறுதல் வார்த்தைகள்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவனோ இரண்டாம் தடவை சாம்பார் சாதம் வாங்கி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது அவன் தாளைப் பார்த்தால், பத்து. எதற்கு என்று கேட்டேன்.

"எல்லாரும் போ போன்னாங்க, நீங்களும் சொன்னீங்க. நான் போகல இல்ல மிஸ்?"

அம்மாவின் போன்

அடுத்த வாரம் மாடம்பாக்கத்திலிருந்து பிரணவின் அம்மா பேசினார். அப்பா சேர்த்துவிட்ட கோச்சிங் கிளாஸுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அதுவரை எதற்கும் மறுத்துப் பேசாத பிள்ளையாம். அப்பா சத்தம் போட்டும் அசையவில்லை; கடைசியில் அவர்தான் ஃபீஸைத் திரும்பக் கேட்கப் போனாராம். அந்த அம்மா என்னைத் திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதற்கும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிஸ், இதே மாதிரி லேடீஸுக்கு ஏதாவது கேம்ப் இருக்கா?"

மூன்றே நாளில் பிள்ளைகள் தாங்கள் யாரென்று ஏதோ தெரிந்துகொண்டு போய்விடுகிறார்கள், அதில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பதுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.