அக்குள் பார்த்த வேலை

மைசூர்ச் சீமையில் எலி செத்து விழுந்தால் எனக்கு வேலை கிடைக்கும். கேட்க அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். பிளேக் பரவிய வருஷங்களில் தருமபுரிக்கு வடக்கே சாலையில் மூங்கில் தடுப்புப் போட்டு, அந்தப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸையும் வண்டியையும் நிறுத்துவார்கள். காய்ச்சல் அடிக்கிறதா, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்களைச் சுகாதார இன்ஸ்பெக்டர் பார்ப்பார். பெண்களை அவர் தொட்டால் ஊர் சும்மா விடுமா? பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து, ஒரு கம்பளியைத் திரையாகக் கட்டி அதன் பின்னால் உட்காரவைத்தார்கள்.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. உடம்பு கொதித்தது. இடது அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். தொட்டதும் துடித்துப்போனாள்.

"அக்கா, இது அந்த நோவு இல்லீங்க. பால் கட்டிக்கிச்சுங்க. கொழந்தைய வூட்டுல வுட்டுட்டு வந்து மூணு நாளாச்சு."

அவள் வாழ்க்கைப்பட்டது நல்லம்பள்ளிப் பக்கம். தாய்வீடு மைசூர்ச் சீமை. அங்கே எலி விழுந்ததும் ஊரைக் காலி செய்து, எல்லோரும் வயலில் குடிசை போட்டிருந்தார்கள். அந்தக் குடிசையில் அவள் அம்மா செத்துப்போனாள். பிளேக் இருக்கிற இடத்துக்குக் கைக்குழந்தையை எடுத்துப்போகக் கூடாது என்று, ஆறு மாதப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு இவள் மட்டும் போயிருக்கிறாள். புத்திசாலிப் பெண். அந்தப் புத்தியே அவளுக்கு வினையாக வந்தது.

மார்பைத் தொட்டேன். கல்லாக இருந்தது. பால் கட்டினால் நெறி ஏறும், காய்ச்சல் வரும் என்று இத்தனை பிள்ளைப்பேறு பார்த்த எனக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"வேலிக்கு ஓணான் சாட்சியா? அவ ஆத்தா எதுல செத்தா, அதச் சொல்லு. பத்து நாள் ஷெட்டுல இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருவேளை பிளேக்காகவே இருந்துவிட்டால் என்று எனக்கும் பயம்தான். வாயை மூடிக்கொண்டு அவளைத் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். எல்லை தாண்டி வந்தவர்கள் பலர் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பாலைப் பீச்சிவிட்டேன். தாய்ப்பால் மிதிபடக் கூடாது என்பதால் வேலியோரத்து வேப்பங்கன்றின் வேரில்தான் விடுவாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, வீக்கமும் வடிந்தது. மறுபடி இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். பெரிய டாக்டர் வந்து பார்த்து எழுதினால்தான் பத்து நாளுக்கு முன்னால் விட முடியும் என்றார். பெரிய டாக்டர் வரவேயில்லை. அவள் மட்டும் வேளை தவறாமல் வேப்பங்கன்றடியில் போய் உட்கார்ந்து பாலைப் பீச்சினாள்.

அவள் புருஷன் தினமும் வேலிக்கு வெளியே வந்து நிற்பான். பிள்ளை ஆட்டுப்பாலைத் துப்புகிறான் என்றான். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊட்டினார்கள் என்றான். பிறகு வயிற்றால் போகிறது என்றான். ஓமத்தண்ணீர் கொடு என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

எட்டாம் நாள் அவன் வேலிக்கு வரவில்லை. நேராக என் கம்பளித் திரைக்கு வெளியே வந்து உட்கார்ந்தான்.

"நேத்து பொதச்சுட்டோமுங்க. அவகிட்டச் சொல்லிறாதீங்க அக்கா. இங்கேயே உசுர வுட்டுருவா. வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி நானே சொல்லிக்கிறேன்."

மிச்ச நாட்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குச் சோறு வைத்தேன். அந்தப் பாவத்தை நான் எங்கே போய்க் கழுவுவது?

பத்து நாள் முடிந்த காலையில் திரைக்குப் பின்னால் அவளைக் கடைசியாகச் சோதித்தேன். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. புருஷன் வெளியே வண்டியோடு நின்றிருந்தான்.

"பால் வத்தவே வுடலீங்க அக்கா" என்று சிரித்தாள். "போனதும் பாருங்க, மடிய வுட்டு எறங்கவே மாட்டான்."

நான் அவள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, போகலாம் என்றேன்.