கியர் விழாத கார்

1998 ஜூலை 14: கிளட்ச் கேபிள், கூலி உட்பட, ரூ. 260.00
1998 ஜூலை 23: கேபிள் இறுக்கியது, ரூ. 40.00
1998 ஆகஸ்ட் 4: கிளட்ச் பிளேட், கூலி உட்பட, ரூ. 1,450.00
1998 ஆகஸ்ட் 18: கியர் ஆயில், ரூ. 180.00

இவை ஜம்புநாதன் தம் கார் நோட்டில் கைப்பட எழுதி வைத்தவை. காசு கொடுத்தது நோட்டில் ஏறும், கொடுக்காதது ஏறாது. புனேயில் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்த கை அது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கினார். முதல் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்த நாளிலிருந்து செருப்புக் காலோடு அதில் ஏறியதில்லை. வெறுங்காலால்தான் ஓட்டுவார்.

அந்த ஜூலையில் வண்டிக்கு ஒரு வினோத நோய் வந்தது. நிறுத்தி வைத்திருந்தால் கியர் வெண்ணெயாக விழும். இஞ்சினைக் கிளப்பினால் கரகரவென்று பல்லைக் கடிக்குமே தவிர விழாது.

ஏரவாடாவிலிருந்து மெக்கானிக் முகமது ரஃபீக் மொபெட்டில் வந்தான். வாணியம்பாடிக்காரன். ஔந்த் பகுதியில் ஜம்புநாதன் வசித்து, செயலாளராகவும் இருந்த குடியிருப்பில் பதினான்கு கார்களையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையெல்லாம் கிரீஸ் என்பதால், அவன் வருவதற்குள் காரில் விரித்திருந்ததையெல்லாம் எடுத்து உதறி மடித்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவது ஜம்புநாதன் வழக்கம். ரஃபீக் உட்கார்ந்து கியர் போட்டால் நாலும் விழும். ரிவர்ஸும் விழும்.

"என்னைக் கண்டா வண்டிக்கு பயம் சார். வாத்தியாரைப் பாத்த பையனாட்டம் கம்முனு கீது," என்று சிரிப்பான்.

"சிரிக்காதேப்பா. நாளைக்குக் காலைல மறுபடி மக்கர் பண்ணும்."

"கிளட்ச் முழுசா விடல, அதான் கோளாறு. ஆனா ஏன் விடலன்னு என் கண்ணுல காட்ட மாட்டேங்குதே."

"பிளேட்டை மாத்து."

"பிளேட் புதுசாட்டம் கீது சார்."

"மாத்துன்னா மாத்து."

மாற்றினான். மறுநாள் மறுபடி கரகர. ஐந்தாம் முறை வந்தபோது ரஃபீக் காசு வாங்க மறுத்துவிட்டான். "நோவைப் புடிக்காத வைத்தியனுக்கு எதுக்கு சார் காசு?" குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று ஜம்புநாதனுக்குப் பட்டது. வந்தால் சரியாகிறது, போனால் கெடுகிறது. எதையோ தளர்த்திவிட்டுப் போகிறான், திரும்பத் திரும்பக் கூப்பிடட்டும் என்று. செயலாளர் என்ற முறையில் இந்த மெக்கானிக்கை உள்ளே விடக்கூடாது என்று ஓர் அறிவிப்பைத் தட்டெழுதிக் கேட்டில் ஒட்டினார்.

அன்று மாலை வாட்ச்மேன் தடுத்தபோது ரஃபீக் மேலே பார்த்து, "சார், நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டான். பால்கனியில் நின்ற ஜம்புநாதன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. எட்டாம் நாள் மறுபடி கரகர. கீழே குனிந்து பார்த்தார். காலடியில் கோதடி கிடந்தது. பழைய புடவைகளை அடுக்கித் தைத்த மராட்டி மெத்தை விரிப்பு. நான்காக மடித்து, நாலு விரல் கனத்தில். கிளட்ச் பெடலை அழுத்தினார். பாதி வழியில் அது கோதடியில் முட்டி நின்றது.

அதைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறினார். "இது போன வாரம் எங்கே இருந்தது?"

"தோச்சுக் காயப் போட்டிருந்தேன். நேத்துதான் காஞ்சுது," என்றாள் மனைவி ஆனந்தவல்லி.

"முதல்ல இதைக் கார்ல எப்பப் போட்டே?"

"மழை ஆரம்பிச்சப்ப. வெறுங்காலோட ஓட்டறீங்க, ஈரம் ஏறுதுன்னு நீங்கதானே புலம்பினீங்க? வண்டி முதல்ல மக்கர் பண்ணிச்சே, அதுக்கு முதல் நாள்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க நோட்டுல இல்லையா?" என்றாள்.

இல்லை. அதற்குக் காசு கொடுக்கவில்லை.

அறிவிப்பைக் கிழித்துவிட்டு ஏரவாடாவுக்குப் போனார். கடை பூட்டியிருந்தது. ஔந்த் வேலை போனபின் கடை வாடகைக்குக் கட்டுப்படியாகாமல் ஊருக்கே போய்விட்டான் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொல்லி, வாணியம்பாடி விலாசம் கொடுத்தார்.

ஜம்புநாதன் கடிதம் எழுதினார். 'தப்பு என்னுடையது, கோதடி என் காலடியில் கிடந்தது, நீ வரும்போதெல்லாம் நானே அதை எடுத்துவிட்டேன், மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது.' தவறாமல் போய்ச்சேர வேண்டுமே என்று ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். அட்டை ரஃபீக்கின் கையெழுத்தோடு திரும்பியது. பதில் வரவில்லை. 1999 ஜூனில் இன்னொன்று. 2000 அக்டோபரில் மூன்றாவது. மூன்று அட்டைகளிலும் கையெழுத்து இருந்தது.

"படிச்சிருக்கான். மன்னிக்க மனசு வரலை," என்றார்.

"வரலைன்னா அவன் தப்பா?" என்றாள் ஆனந்தவல்லி. ஜம்புநாதன் காரை விற்றுவிட்டார்.

பிறகு ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. எழுதியவன் ரஃபீக்கின் தம்பி காசிம்.

'அண்ணன் போன மாதம் மஞ்சள் காமாலையில் மவுத்தாகிவிட்டார். அவர் பெட்டியில் உங்களுடைய மூன்று கவர்கள் இருந்தன. ஒன்றையும் பிரிக்கவில்லை. பதிவுத் தபால் என்றதும் நீங்கள் கேஸ் போட்டு நோட்டீஸ் விட்டதாக நினைத்துக்கொண்டார். ஒவ்வொன்று வந்தபோதும் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றுத்தான் நான் பிரித்துப் படித்தேன். கோதடி விஷயம் தெரிந்திருந்தால் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் அய்யா.'

ஜம்புநாதன் இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை கண்ணாடி மங்கிவிட்டது. அலமாரியிலிருந்து கார் நோட்டை எடுத்தார். கியர் ஆயிலுக்கு அப்புறம், வேறு மெக்கானிக்குகளுக்குக் கொடுத்ததாக இரண்டே வரிகள் இருந்தன. மிச்சப் பக்கங்கள் வெள்ளை. புது வரியில் தேதியை எழுதினார். தொகைக்கான இடத்தை, அந்த நோட்டில் முதல் தடவையாக, காலியாக விட்டார்.

2001 மார்ச் 19, திங்கட்கிழமை.